விமானம், பிளைட், பிளேன், வானூர்தி: கையேட்டில் எதை எங்கே எழுதுவது?

ஆரல்வாய்க்காற்று:
வளைகுடாவுக்கு முதல் தடவையாக வேலைக்குப் போகிறவர்களுக்காக எங்கள் ஊர் நூலகத்தில் எட்டுப் பக்கக் கையேடு ஒன்று தயாராகிறது. வாசிக்கப் போகிறவர்கள் தக்கலை, குளச்சல், கருங்கல், மார்த்தாண்டம் பக்கத்து ஆட்கள். அநேகமாக எல்லோருக்கும் திருவனந்தபுரம் வழிதான். வரைவை நாலு பேர் எழுதியதால் ஒரே பொருளுக்கு விமானம், ஆகாய விமானம், வானூர்தி, பிளைட், பிளேன், ஏரோபிளேன், ஜெட் என்று எல்லாம் கலந்து கிடக்கிறது. "விமான எண்", "பிளைட் நம்பர்" இரண்டும் ஒரே பக்கத்தில் வருகிறது. எதை வைத்துக்கொள்ளலாம், எதை எடுத்துவிடலாம்? காரணத்தோடு சொன்னால் மற்ற மூன்று பேரிடமும் பேச வசதியாக இருக்கும்.

மணிமேடை:
மக்கா, ஒரு பொருளுக்கு ஏழு சொல் இருப்பதால் ஆள் வழி தவற மாட்டான். ரெண்டு பொருளுக்கு ஒரே சொல் ஓடினால்தான் தவறுவான். நம்ம பக்கம் இறக்கை வைத்த வண்டிக்கும் பிளைட் என்றுதான் பேர், இன்ன தேதி இன்ன நேரம் இன்ன ஊருக்கு என்று போகும் நடைக்கும் பிளைட் என்றுதான் பேர். "பிளைட் லேட்டு" என்றால் நடை. "பிளைட்டுக்குள்ள நல்ல குளிரு" என்றால் வண்டி. பேச்சில் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள், அச்சில் அப்படி விட முடியாது.

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகும் என்ட் டு என்ட் பஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். காலை முதல் நடைக்கு இன்றைக்கு ஒரு வண்டி வரும், நாளைக்கு வேறு வண்டி வரும். நம்பர் பிளேட் மாறும், நடை மாறாது. சீட்டில் அச்சாகும் பிளைட் நம்பர் நடைக்கு உரியது. இரண்டு எழுத்துக் குறி, பிறகு நாலு இலக்கம் வரை எண். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் என்றால் ஐஎக்ஸ், இண்டிகோ என்றால் 6இ. வண்டிக்குத் தனிப் பதிவெண் உண்டு. இந்தியாவில் பதிவான எல்லாவற்றுக்கும் அது விடி என்று தொடங்கும். வால் பக்கத்து உடம்பில் எழுதியிருக்கும். ஆகவே "விமான எண்" என்று எழுதினால் வாசிக்கிறவன் அதை அந்த விடி எண் என்றும் எடுத்துக்கொள்ளலாம். "பிளைட் எண்" என்றே போடுங்கள்.

வேணாட்டுத்தமிழ்:
பிளைட் என்று அச்சில் போடுவதற்கு எனக்குச் சம்மதம் இல்லை. வானூர்தி என்று நல்ல சொல் கையில் இருக்கிறது. வான், ஊர்தி, இரண்டும் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். புறநானூறு 27ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியிடம் "வலவன் ஏவா வான ஊர்தி" என்கிறார். இலங்கைத் தமிழர் ஹெலிகாப்டருக்கு உலங்கு வானூர்தி என்றும், விமானிக்கு வானோடி என்றும் தயக்கமில்லாமல் எழுதுகிறார்கள். பிளைட்டுக்கும் அங்கே பறப்பு என்ற சொல் உண்டு. நம் கையேடுகள் எழுதினால்தானே நமக்கும் பழகும்?

பத்மநாபபுரம்:
அண்ணாச்சி, சொல் நல்ல சொல். ஆனால் அந்தப் பாட்டை இங்கே சான்றாக வைப்பது சரியாகாது. புலவர் பாடும் புகழ் உடையவர்கள் செய்யவேண்டியதைச் செய்து முடித்தபின் வலவன் ஏவாத வான ஊர்தியை அடைவார்கள் என்றுதான் அங்கே வருகிறது. இறந்தபின் கிடைக்கும் பேறு அது. முதல் தடவை பயணம் போகிறவனின் கையேட்டில் மேற்கோளாகப் போட்டால் வீட்டுக்காரர் முகம் சுளிப்பார்கள். வலவன் என்றால் தேர் ஓட்டுகிறவன். இன்றைக்கு அந்தத் தொடருக்கு மிகப் பொருத்தமான இடம் ட்ரோன். ஆளில்லா வானூர்தி என்று செய்திகளில் வருவது அதே அமைப்புத்தான்.

விமானம் என்ற சொல்லிலும் நம்ம ஊரில் கவனிக்க ஒன்று உண்டு. கோயில் பேச்சில் கருவறைக்கு மேலே எழும் கட்டுமானம் விமானம். சுசீந்திரத்தில் வாசலில் நிற்கும் ஏழு நிலை கோபுரத்தை விமானம் என்று சிலர் எழுதுகிறார்கள், அது தவறு. வாசல் மேல் இருப்பது கோபுரம், கருவறை மேல் இருப்பது விமானம். தஞ்சைப் பெரிய கோயிலில் 216 அடி உயரத்துக்கு நிற்பதுதான் விமானம். தேவர்கள் ஏறிவரும் வாகனத்துக்கும் புராணங்களில் இதே பேர். அந்த வழியில்தான் இயந்திரத்துக்கு வந்தது. பொருள் குழம்பும் என்ற பயம் வேண்டாம். கும்பாபிஷேக நோட்டீசில் விமானம் என்றால் யாரும் சீட்டு எடுக்கப் போவதில்லை.

இன்னொன்று: மலையாளத்திலும் விமானம் விமானம்தான். விமான நிலையத்துக்கு அங்கே விமானத்தாவளம். விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் மலையாளம் வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் நிறைய உண்டு. விமானம் என்று எழுதினால் களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே சொல்லாக இருக்கும்.

சுழலி:
விமானப் பராமரிப்புத் தொழிலில் இருக்கிறவர்கள் பிளைட், ஏர்கிராஃப்ட் இரண்டையும் மாற்றிச் சொல்வதே இல்லை. "ஏர்கிராஃப்ட் மாத்தியாச்சு, பிளைட் ஓடும்" என்றால் வண்டி பழுது, வேறு வண்டி வருகிறது, நடை ரத்தாகவில்லை என்று அர்த்தம். பயணிக்கு இதில் நேரடியாக ஒரு பாதிப்பு உண்டு: வண்டி மாறினால் இருக்கை அமைப்பு மாறும், முன்பே எடுத்த சன்னல் இருக்கை வேறு இடத்துக்குப் போகலாம். பிளைட் எண் மட்டும் அப்படியே இருக்கும்.

வானூர்தி, விமானம் இரண்டும் ஒன்றல்ல என்று பிரித்து வைத்துக்கொண்டால் அண்ணாச்சியின் சொல்லுக்கும் இடம் கிடைக்கும். பன்னாட்டு வரையறைப்படி ஏர்கிராஃப்ட் என்பது காற்றின் எதிர்விசையால் வளிமண்டலத்தில் தாங்கப்படும் எந்தப் பொறியும். ஆனால் தரையில் பட்டுத் திரும்பும் காற்றால் தாங்கப்படுவது கணக்கில் வராது. அதனால் பலூன், கிளைடர், ஹெலிகாப்டர் எல்லாம் ஏர்கிராஃப்ட். 1934ஆம் ஆண்டு ஏர்கிராஃப்ட் சட்டம் பட்டத்தையும் அதில் சேர்த்திருந்தது. மண்டபம் கடலோரக் காவல்படையிடம் இருக்கும் ஹோவர்கிராஃப்ட் சேராது, அது தரையில் அழுத்தும் காற்றில்தான் மிதக்கிறது. மகேந்திரகிரியில் எஞ்சின் சோதிக்கிறார்களே, அந்த ராக்கெட்டும் சேராது. அதற்குக் காற்றின் தாங்கல் தேவையே இல்லை. இந்தப் பெருங்கூட்டத்துக்கு வானூர்தி பொருந்தும். அதற்குள் எஞ்சினும் அசையாத இறக்கையும் கொண்டதுதான் ஏரோபிளேன். அதற்கு விமானம்.

அந்த 1934 சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய வாயுயான் அதினியம் 2025 சனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. வாயுயான் என்பது தமிழ்ப் பேச்சில் இல்லாத சொல். கையேட்டில் சட்டத்தின் பேராக மட்டும் வரலாம், வேறு எங்கும் வேண்டாம்.

வேணாட்டுத்தமிழ்:
சுழலி சொன்ன பிரிவு எனக்குப் பிடித்திருக்கிறது. பொதுப்பெயர் வானூர்தி, பயணிகள் ஏறுவது விமானம். அப்படியானால் "பயணிகள் விமானம்" என்று அடைமொழி எப்போது வேண்டும்?

சுழலி:
சரக்கு விமானம், போர் விமானம் பக்கத்தில் வரும் இடத்தில் மட்டும். நம் கையேட்டில் எல்லாமே பயணிகள் விமானம்தான், அடைமொழி தேவையில்லை. "ஆகாய விமானம்" பழைய பாடநூல் வழக்கு; ஆகாயத்தில் போகாத விமானம் கோயிலில் மட்டும்தான் இருக்கிறது, எடுத்துவிடலாம். "ஆகாயக் கப்பல்" பழைய எழுத்தில் விமானத்துக்கும் வாயு அடைத்த பெரும் கலத்துக்கும் சேர்த்தே வந்தது, இன்றைக்கு எழுதினால் குழப்பம்.

"ஜெட்" என்று பொதுவாகப் போடாதீர்கள். தூத்துக்குடி வாகைக்குளத்துக்குச் சென்னையிலிருந்து வந்துபோகும் ஏடிஆர் 72 விமானத்தில் வெளியே விசிறி சுற்றும். உள்ளே இருப்பதும் ஜெட்டில் உள்ளதைப் போன்ற சுழலி (டர்பைன்) எஞ்சின்தான். அது விசிறியைச் சுற்றி இழுக்கிறது. ஊர்ப்பேச்சில் "விசிறி பிளேன்" என்றாலே போதும், எல்லோருக்கும் புரியும். அதில் ஏறுகிறவர்களுக்குச் சொல்லவேண்டிய விவரம் வேறு. வரிசைக்கு 2க்கு 2, இண்டிகோவில் மொத்தம் 78 இருக்கை. ஏறும் வாசல் பின்பக்கம். முன்பக்கம் தெரியும் கதவு சரக்குக்கு. ஆகவே சிறிய வரிசை எண் உள்ளவர் உள்ளே நீளமாக நடக்க வேண்டும். மேல்தட்டு சிறிது, சக்கரம் வைத்த கைப்பெட்டி அதில் நுழையாவிட்டால் படிக்கட்டு அருகிலேயே வாங்கி அடியில் போடுவார்கள். பாஸ்போர்ட், மருந்து, பணம், மின்கலப் பொட்டலம் (பவர் பாங்க்) எல்லாவற்றையும் அதற்கு முன்பே கையில் எடுத்துவிட வேண்டும். பவர் பாங்க் சரக்கறைக்குள் போகக் கூடாது.

வளைகுடா போகிறவர்கள் திருவனந்தபுரத்தில் அதிகம் பார்ப்பது ஏர்பஸ் 320, போயிங் 737. இரண்டும் ஒற்றை நடைவழி, 3க்கு 3, ஏறத்தாழ 180 இருக்கை. நடுவில் இரண்டு நடைவழி இருப்பது அகல உடல் விமானம். "பெரிய பிளைட்", "சின்ன பிளைட்" என்று ஊரில் சொல்வது இதைத்தான். இடம் அடையாளம் சொல்ல ஏ, எஃப் சன்னல், சி, டி நடைவழி என்று ஒரு வரி போடுங்கள். ஒற்றை நடைவழிக்கு மட்டுமே அது பொருந்தும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வள்ளவிளை:
பெயர்ச்சொல்லைவிட வினைச்சொல்லில்தான், ஊருக்கு வருகிறவரைக் கூப்பிட விமான நிலையத்துக்குப் போகிறவர்கள் அதிகம் அலைகிறார்கள். "பிளைட் கெளம்பியாச்சு" என்று போன் வரும். கதவு மூடி நகர்ந்ததா, மேலே ஏறிவிட்டதா? சீட்டில் போட்டிருக்கும் புறப்பாட்டு நேரம் நிற்கும் இடத்தைவிட்டு வண்டி நகரும் நேரம். ஓடுபாதைக்குப் போய் வரிசையில் நின்று ஏறுவதற்குள் இன்னும் நேரம் ஆகும். ஏறும் வாசல் புறப்பாட்டு நேரம்வரை திறந்திருக்கும் என்று நினைத்துக் கடையில் நிற்கிறவர்களும் உண்டு. அது பெரும்பாலும் 20, 25 நிமிடம் முன்பே மூடிவிடும். ஆகவே கையேட்டில் "போர்டிங் நேரம்", "புறப்பாடு" என்று ரெண்டு வரி தனித்தனியாக வேண்டும்.

அதேபோல "எறங்கியாச்சு". பிளைட் இறங்கியதா, ஆள் இறங்கி வெளியே வந்தானா? சக்கரம் தரையைத் தொட்டபின் நிறுத்துமிடம் வரை ஓடி, இமிகிரேஷன் வரிசை, பெட்டி வரும் பெல்ட், கஸ்டம்ஸ் எல்லாம் தாண்டி வெளியே வர ஒரு மணி நேரம்கூட ஆகும். கார் பார்க்கிங் கட்டணம் அதுவரை ஓடிக்கொண்டிருக்கும். "தரையிறங்கியது", "வெளியே வந்தாச்சு" என்று பிரித்து எழுதுங்கள்.

மூன்றாவது, "பிளைட் திரும்பிப் போச்சு". நல்ல மழை பெய்து ஓடுபாதை தெரியாதபோது திருவனந்தபுரத்துக்கு வந்தது கொச்சிக்குப் போகலாம். அது திருப்பிவிடப்பட்டது. புறப்பட்ட ஊருக்கே போனால்தான் திரும்பிப் போனது. முதல் வகையில் மழை விட்டதும் அதே பிளைட் எண்ணில் பெரும்பாலும் இங்கேயே கொண்டுவருவார்கள். காரை எடுத்துக்கொண்டு கொச்சிக்கு விரட்டுவதற்கு முன் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தகவல் பலகையில் வரும் டைவர்டட் என்ற சொல்லைத் தமிழ் எழுத்தில் அப்படியே போட்டு, பக்கத்தில் "வேறு ஊருக்குத் திருப்பிவிடப்பட்டது" என்று எழுதுங்கள்.

மணிமேடை:
வள்ளவிளை சொன்னதோடு "நேரடி"யையும் சேர்க்கணும். சீட்டில் டைரக்ட் என்று இருந்தால் நடுவில் எங்கும் நிற்காது என்று அர்த்தம் இல்லை. ஒரே பிளைட் எண்ணில் நடுவில் ஓர் ஊரில் இறங்கி ஆள் ஏற்றிப் போகலாம். பயணி உள்ளேயே உட்கார்ந்திருப்பார். நடுவில் எங்குமே இறங்காதது நான் ஸ்டாப். அதற்கு "இடைநில்லா" என்று எழுதுங்கள், பஸ் போர்டில் பார்த்துப் பழகிய சொல். "நேரடி" என்று மொட்டையாக எழுத வேண்டாம்.

"ரெண்டு பிளைட் மாறணும்" என்பதும் அப்படித்தான். மொத்தம் ரெண்டா, ரெண்டு தடவை மாற்றமா? "மொத்தம் 2 பிளைட், 1 இடத்தில் மாற்றம்" என்று இலக்கத்தில் எழுதினால் தீர்ந்தது. மும்பை வழி ஊருக்கு வருகிறவருக்கு இமிகிரேஷன், கஸ்டம்ஸ் எல்லாம் மும்பையிலேயே முடியும். பொதுவாகப் பெட்டியையும் அங்கே எடுத்து மறுபடி கொடுக்க வேண்டும். கடைசி பிளைட் உள்நாட்டுக் கணக்கு. இங்கேதான் கூப்பிடப் போகிறவர் மாட்டுவார். திருவனந்தபுரத்தில் டெர்மினல் 1 சங்குமுகம் பக்கம், டெர்மினல் 2 சாக்கைப் பக்கம். நடுவில் ஓடுபாதை. நடந்து கடக்க முடியாது, சாலையில் சுற்றித்தான் போகணும். "துபாயிலிருந்து வாறான்" என்று சாக்கையில் நின்றால் அவன் சங்குமுகத்தில் வந்து நிற்பான். உள்நாட்டு பிளைட் சில டெர்மினல் 2இலும் வரும் என்பதால் "உள்நாடு, வெளிநாடு" என்று பார்க்காமல் கடைசிச் சீட்டில் அச்சாகியிருக்கும் டெர்மினல் எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஊர்க்குறியும் ஒரு வரி வேண்டும். திருவனந்தபுரம் டிஆர்வி, திருச்சி டிஆர்இசட், தூத்துக்குடி டிசிஆர், திருப்பதி டிஐஆர். செல்போனில் டி, ஐ, ஆர் என்று தட்டினால் திருச்சியும் திருப்பதியும் ஒன்றாக வந்து நிற்கும். கடைசி எழுத்தைப் பார்க்காமல் பணம் கட்டினால் ரத்துக் கட்டணம் போகும்.

பத்மநாபபுரம்:
பங்குனி, ஐப்பசி ஆறாட்டையும் சேருங்கள். பத்மநாபசுவாமி கோயில் ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்கு ஓடுபாதையைக் கடந்துதான் போகும். அந்த இரண்டு நாளும் மாலையில் சுமார் 5 மணி நேரம் எந்த பிளைட்டும் ஏறாது, இறங்காது. நேரத்தை நிறுவனங்கள் முன்பே மாற்றிவிடும். பிளைட் ரத்து என்று பதற வேண்டாம்; புது நேரம் குறுஞ்செய்தியில் வந்திருக்கும்.

வேணாட்டுத்தமிழ்:
நடைக்குப் "பிளைட்" என்பதை ஏற்கிறேன், ஒரே நிபந்தனையோடு. வளைகுடா விமான நிலையப் பலகைகளில் அரபியில் வண்டிக்குத் தாயிரா, நடைக்கு ரிஹ்லா என்று தனித்தனிச் சொல் இருக்கிறது. ரிஹ்லா என்றால் பயணம். நாமும் முதல் பக்கத்தில் "பிளைட் = ஒரு குறிப்பிட்ட பறப்பு" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு, பிறகு பிளைட் என்றே எழுதலாம். பறப்பு ஒரு தடவையாவது அச்சில் வரட்டும். வானூர்தி நிலையம் என்று மாற்ற நான் கேட்கவில்லை. செய்தித்தாளில் பழகிய விமான நிலையம் இருக்கட்டும். ஆனால் "விமான தளம்" வரைவில் வந்தால் எடுத்துவிடுங்கள், அது படைத்தளத்தைக் குறிக்கும். ஒற்றெழுத்தையும் பாருங்கள்: விமானப் பயணம், விமானக் கட்டணம், விமானச் சீட்டு என்று மிகும், விமான நிலையம், விமான விபத்து மிகாது. எழுத்து பிளைட் என்றோ ஃப்ளைட் என்றோ ஒன்றில் நிற்க வேண்டும். ஆய்தம் வாசிக்கத் தடுமாறுகிறவர்கள் இருப்பதால் பிளைட் நல்லது.

ஆரல்வாய்க்காற்று:
எல்லோர் சொன்னதையும் வைத்துக் கடைசிப் பக்கத்து மாதிரிச் செய்தியை மாற்றியிருக்கிறேன். வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டியது:

"பிளைட் எண்: … . புறப்படும் ஊர், தேதி, நேரம்: … . திருவனந்தபுரத்தில் தரையிறங்கும் தேதி, நேரம்: … . டெர்மினல்: … . மொத்த பிளைட்: … , மாற்றம்: … . பெட்டி எடுத்து வெளியே வந்ததும் கூப்பிடுகிறேன்."

வள்ளவிளை:
நேரத்துக்குப் பக்கத்தில் "அந்தந்த ஊர் நேரம்" என்று போடுங்கள். சீட்டில் அப்படித்தான் இருக்கும். துபாய், மஸ்கட் நம்மைவிட 1.30 மணி நேரம் பின்னால். சவூதி, கத்தார், குவைத், பஹ்ரைன் 2.30 மணி நேரம் பின்னால். கழித்துப் பார்த்துப் பறக்கும் நேரத்தைக் கணக்குப் போடுகிறவர்களுக்குச் சீட்டே தப்பாகத் தெரியும்.

மணிமேடை:
நள்ளிரவு தாண்டிய பிளைட்டுக்கு 24 மணிக் கணக்கு போடுங்கள், கிழமையும் சேருங்கள். "15ஆம் தேதி ராத்திரி 12.30" என்றால் நம்ம ஊரில் பாதிப்பேர் 15ஆம் தேதி ராத்திரிச் சாப்பாடு முடித்துக் கிளம்புவார்கள். 15ஆம் தேதி 00.30 பிளைட்டைப் பிடிக்க வேண்டுமென்றால் நாகர்கோவிலிலிருந்து 14ஆம் தேதி மாலையே வண்டி எடுக்கணும். மாதிரியில் இப்படி எழுதலாம்: "15ஆம் தேதி 00.30 (14ஆம் தேதி இரவு கழிந்து)".

ஆரல்வாய்க்காற்று:
சேர்த்துவிட்டேன். "அந்தந்த ஊர் நேரம்" புறப்பாட்டு வரியிலும் தரையிறங்கும் வரியிலும் இரண்டு தடவை வருகிறது. "விமான எண்" இருந்த ஒன்பது இடத்திலும் "பிளைட் எண்" ஆகிவிட்டது. ஏடிஆர் பத்தியைத் தூத்துக்குடி வழி போகிறவர்களுக்கான பக்கத்துக்கு மாற்றியிருக்கிறேன்.